அறுபது மில்லி

பாப்பாவுக்கு வயது ஏழு மாதம். பார்த்தால் மூன்று மாதம்கூட மதிக்க முடியாது. அவசரப்பட்டு மூன்று மாதம் முன்னாலேயே பிறந்து, தொண்ணூற்றொரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வீடு வந்து சேர்ந்தவள். காலையில் அவள் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது குழந்தை, சிலிண்டர், பாட்டில், ஒரு நீல நோட்டு எல்லாம் எதிர்வீட்டுப் பெரியக்காவிடம் வந்துவிடும்.

பெரியக்கா என்பது பட்டப்பெயர்தான். பிறந்த வீட்டில் அவள் கடைக்குட்டி. இருபது வருடமாக ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே அவள் பிழைப்பு. அந்தத் தெருவில் இன்று மீசை முறுக்குகிற பலருக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் அவள். இந்தக் குழந்தையை அவளுக்கு முன்னால் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருத்தி சிலிண்டரைப் பார்த்ததும் வாசலிலேயே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள். பெரியக்கா, "சரி, விட்டுட்டுப் போம்மா" என்றாள். அதைத் தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

குழந்தையின் பாதத்தில் ஒட்டிய சின்ன விளக்கிலிருந்து ஒரு வயர் மெஷினுக்குப் போகும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் மெஷின் கத்தும். குழந்தை காலை உதறினாலும் கத்தும். முதல் வாரம் ஒவ்வொரு கத்தலுக்கும் பெரியக்கா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டாவது மாதத்தில் அவள் சாவகாசமாக எழுந்து வந்து, உதட்டின் நிறத்தைப் பார்த்து, விளக்கை நேராக ஒட்டிவிட்டு, துணி மடிக்கப் போய்விடுவாள். பயம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. போகிற போக்கில் அது சந்தோஷத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பாப்பா முதல்முறை சிரித்தபோதுகூட, சிரிக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டு டயபர் மாற்றினாள்.

வீடே பாப்பாவின் நேரப்படி நடந்ததால் பெரியக்கா அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

மேனேஜருக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அறுபது மில்லி பால். டாக்டர் உத்தரவு. நான்கு இழுப்பு இழுத்ததும் மூச்சு வாங்கும். பாட்டிலை எடுத்துவிட வேண்டும். பிறகு மறுபடி நான்கு இழுப்பு. இருபத்தைந்து, முப்பது மில்லியில் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். மேலே ஊட்டினால் உள்ளே போனதும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பகலில் குடித்ததைப் பெரியக்கா நோட்டின் இடது பக்கத்தில் எழுத வேண்டும். இரவில் குடித்ததை அம்மா வலது பக்கத்தில் எழுதுவாள்.

அம்மா மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். பதினோரு மணிக்குப் பத்து நிமிட இடைவேளை. டாணென்று போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. ஒரே வார்த்தைதான்.

"எவ்வளவு?"

ஆரம்பத்தில் பெரியக்கா உள்ளதைச் சொன்னாள். ஒருநாள் இருபத்தாறு என்றதும் அம்மா போனை வைத்துவிட்டாள். அன்று அவள் ஓடுகிற பேக்கிங் பெல்ட்டில் வந்த டப்பாக்களைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள் என்றும், இன்னொரு தடவை நின்றால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார் என்றும் சாயங்காலம்தான் தெரிந்தது. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ இருப்பவர். ஆஸ்பத்திரிக்கும் சிலிண்டருக்கும் அவள் வேலைதான் ஆதாரம்.

மறுநாள் பதினோரு மணிக்கு, "எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு" என்றாள் பெரியக்கா. அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

சொன்னதை எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினாள். அதுவும் கெட்டிக்காரத்தனமாக, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தைந்து என்று மாற்றி மாற்றி. மனசு உறுத்தவில்லை. வலது பக்கத்தில் ராத்திரி பூராவும் அறுபது, அறுபது என்று இருந்தது. பெற்றவள் கையால் நன்றாகத்தான் குடிக்கிறது, பகலில் குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து எடை பார்க்கப் போனபோது அம்மாவோடு பெரியக்காவும் போனாள், சிலிண்டர் தூக்க. எடை இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். எடைக் கருவியில் இன்னொரு முறை படுக்க வைத்தார். மறுபடி நோட்டைப் புரட்டினார்.

"இவ்வளவு குடிச்சும் நூறு கிராம்கூட ஏறலைன்னா உள்ள வேற ஏதோ கோளாறு. மயக்க மருந்து குடுத்து, இதயத்துக்குள்ள குழாய் விட்டுப் பார்த்துடலாம்."

"மயக்க மருந்து தாங்குவாளா?" என்றாள் அம்மா. குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"இந்த நுரையீரலுக்கு ஆபத்துதான். வேற வழியில்ல. வியாழக்கிழமை சேர்த்துடுங்க."

பெரியக்கா மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கொட்டாவி விட்டாள். பெரியக்காவுக்கு, என்றோ போன பயம் திரும்பி வந்தது.

"டாக்டரம்மா, இடது பக்கம் பூராவும் பொய்" என்றாள். "முப்பதுக்கு மேல அது குடிச்சதே இல்ல. நான்தான் கூட்டி எழுதினேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அம்மா திரும்பவே இல்லை.

"அப்போ அம்மா குடுத்தா குடிக்கிறா, உங்ககிட்டதான் குடிக்கல" என்றார் டாக்டரம்மா. "ஏம்மா, இனிமே குழந்தையை இவங்ககிட்ட விடாதீங்க. வேலையை விட்டுட்டு நீங்களே வீட்ல இருந்து பாருங்க."

நோட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. பெரியக்கா வலது பக்கத்தை அன்றுதான் நிதானமாகப் பார்த்தாள். அறுபது. அறுபது. அறுபது. ஒரு நாளாவது ஐம்பத்தேழு, ஐம்பத்துமூன்று என்று இல்லை. பாட்டிலின் அடியில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காத குழந்தை உலகத்தில் உண்டா? பொய் எழுதிப் பழகிய கைக்கு இன்னொரு பொய் தெரியாமல் போகுமா? சொல்லலாம் என்று வாயெடுத்தாள். சொன்னால் அந்தப் பெண் அங்கேயே உடைந்துபோவாள். மென்று விழுங்கிவிட்டு, சிலிண்டரின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழி தன் தலையோடு போகட்டும், ஊசி குழாய் இல்லாமல் குழந்தை வீட்டுக்குப் போனால் போதும். ஆனால் பசி? ராத்திரியும் குடிக்கவில்லையென்றால் குழந்தை என்னத்தைத் தின்று வளரும்?

"ஏம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"வலது பக்கமும் பொய்தான்" என்றாள் அம்மா, மேஜையைப் பார்த்து. "என்கிட்ட இருபதுகூடக் குடிக்க மாட்டா. குறைச்சு எழுதினா பெரியக்கா பயந்துபோய் வேண்டாம்னுடுவாங்களோன்னு... ஏற்கெனவே மூணு பேர் வேண்டாம்னுட்டாங்க. பகல்ல நல்லா குடிக்கிறாளேன்னுதான் நானும் விட்டுட்டேன்."

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குழந்தையைப் பட்டினி போட்டிருக்கீங்க."

பிறகு நர்ஸ் வந்து, மேனேஜரின் மூக்கு வழியாக வயிற்றுக்கு நூல் மாதிரி ஒரு குழாய் செருகினாள். வாயால் குடித்தது போக மீதியை அதில் எப்படி மெதுவாக விடுவது என்று இருவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். வியாழக்கிழமைச் சோதனை ரத்தானது.

மறுநாள் காலை குழந்தை வருமா என்று பெரியக்காவுக்குத் தெரியவில்லை. ஏழரைக்கு வந்தது. சிலிண்டரும் பாட்டிலும் வந்தன. பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டிருந்த நோட்டும் வந்தது. அம்மா எதுவும் சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வலது பக்கத்தில், நேற்றைய ராத்திரிக்கு நேராக, பதினான்கு, பதினொன்று, ஒன்பது என்று இருந்தது. பெரியக்கா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"எவ்வளவு?"

"பதினெட்டு" என்றாள் பெரியக்கா. "மீதி குழாய்ல விட்டேன்."

அந்தப் பக்கம் பெல்ட் ஓடுவது மட்டும் கேட்டது. பெரியக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி" என்றாள் அம்மா கடைசியில். "எழுதிக்குங்க பெரியக்கா."