முப்பத்தெட்டாம் இலக்கத்துக் கடல்

லண்டன் ஸ்ட்ரெதமில், பெரிய தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி, முப்பத்தெட்டாம் இலக்க வீட்டின் முன்னறைக்குள் 2022ஆம் ஆண்டு டிசம்பர் இருபத்தொன்பதாம் திகதி பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கடல் வந்தது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்பக்கமாக வந்தது. முதலில் கணுக்காலளவு; ஐந்து மணிக்கு முழங்காலளவு. உப்புத் தண்ணீர்தான், வீட்டுக்காரர் சபாரத்தினம் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சுவர் காய்ந்தபடியே இருந்தது, வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டும் தெருவுக்குப் போகவில்லை. சோபாவிலிருந்து டிவி வரைக்கும் பதினொரு அடி; அந்தப் பதினொரு அடிக்குள் அலை, பாசி, சிறு நண்டு, தூரத்தில் ஒரு கப்பலின் வெளிச்சம், எல்லாம் அடங்கியிருந்தன. குழாய் வெடித்தது, கூரை ஒழுகியது என்று பிற்பாடு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதெல்லாம் வெறும் கதை. கடல் அழைக்காமல் யார் வீட்டுக்கும் போவதில்லை. இந்தக் கடலை அழைத்தது சபாரத்தினத்தின் மனைவி சிவகௌரி.

சிவகௌரிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. சபாரத்தினம் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றார். ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போது மற்றவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். ஒன்பது வருடமாக வருடக் கடைசியில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததே இல்லை. அந்த வருடம் நாலு நாள் கிடைத்தது. நாலு நாளும் படுத்துக் கிடப்பது, எழும்பித் தேத்தண்ணி குடிப்பது, திரும்பவும் படுப்பது என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பஸ்தியாம்பிள்ளை ஜெர்மனியிலிருந்து போன் எடுத்தார். பிளேஸ்டோவில் ஒரு ஞானஸ்நானமாம், அவரும் மனைவி சுவர்ணாவும் வருகிறார்களாம், இருபத்தொன்பதாம் திகதி ஸ்ட்ரெதமுக்கு வந்து மூன்று நாள் நின்று, கனகாலத்துக் கதையெல்லாம் கதைத்துவிட்டுப் போகலாம் என்று யோசிக்கிறாராம்.

பஸ்தியாம்பிள்ளை யார் என்று சொல்லாவிட்டால் சிவகௌரியின் குற்றம் எவ்வளவு பெரியது என்று விளங்காது. 1999இல் இந்த இருவரும் லண்டனில் வந்து இறங்கியபோது போக இடமில்லை. அப்போது பிளேஸ்டோவில் ஒற்றை அறையில் இருந்த பஸ்தியாம்பிள்ளையும் சுவர்ணாவும் தங்கள் கட்டிலை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாலு மாதம் அடுப்புக்குப் பக்கத்தில் குசினித் தரையில் படுத்தார்கள். போதாததற்கு அவர் தன் கறுப்புக் கோட்டையும் சிவகௌரிக்குப் போட்டுவிட்டார். சொந்தச் சகோதரன்கூடச் செய்யமாட்டான். ஆனால் மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கலியாண வீடோ, சாமத்திய வீடோ, எங்கே கண்டாலும் நாலு பேர் நடுவில் சிவகௌரியின் தோளில் கையைப் போட்டு, "இந்தப் பிள்ளை என்ர கோட்டைத்தான் ரெண்டு விண்டர் போட்டவ" என்பார். பாசத்தில்தான் சொன்னார். அவர் பாசம் அவளுக்குத் தோலை உரித்தது. கடைசியாக வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கலியாணத்தில், சென்னையிலிருந்து வந்த டொக்டர் குடும்பங்களோடு அவள் சரிக்குச் சமமாக இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார். அந்த ஐஸ்கிரீம் அவளுக்கு இறங்கவில்லை.

ஆகவே போனில் அவள் வாயிலிருந்து தன்பாட்டில் வந்துவிட்டது: "ஐயோ அண்ணை, அண்டைக்கு நாங்கள் கடற்கரைக்கெல்லோ போறம். மூண்டு நாளைக்கு ஹோட்டல் புக் பண்ணியாச்சு." பஸ்தியாம்பிள்ளைக்கு மெத்தச் சந்தோசம். வேலை வேலை என்று ஓடுகிற பிள்ளைகள், போய்விட்டு வரட்டும் என்றார். சிவகௌரி அதோடு விட்டிருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு அலைப் படத்தோடு போட்டுவிட்டாள். லண்டனில் உள்ள முழு உறவும் லைக் போட்டது.

இருபத்தொன்பதாம் திகதி காலையிலேயே சபாரத்தினம் காரைக் கொண்டுபோய் மூன்று தெரு தள்ளி விட்டுவிட்டு வந்தார். திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். லைட் போடவில்லை. மூன்று மணிக்கு மணி அடித்தது. திரை இடுக்கால் பார்த்தால், கடவுளே, பஸ்தியாம்பிள்ளை! பக்கத்தில் தொப்பி போட்ட சுவர்ணா, கையில் ஒரு பை. ஆளில்லா வீடென்றாலும் பலகாரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம் என்று பிளேஸ்டோவிலிருந்து இரண்டு ரயில், ஒரு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் இருவரும் முன்னறைக் கார்ப்பெட்டில் குப்புற விழுந்து படுத்துக்கொண்டார்கள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடம் ஆன மனிதர்கள், சொந்த வீட்டில், கள்ளரைப் போல. வெளியே கதவின் தபால் துவாரம் ஒருதரம் திறந்து மூடிய சத்தம் கேட்டது. உடனே சிவகௌரியின் கைக்குள் போன் அடித்தது. அடிக்கிற போனை நிற்பாட்டத் தெரியாமல் அவள் எடுத்தேவிட்டாள்.

"கடற்கரையில நிக்கிறம் அண்ணை. காத்துப் பலமா அடிக்குது. ஒண்டும் கேக்கேல்லை."

மனைவிக்கு ஒத்தாசை செய்யாத புருசன் என்ன புருசன். சபாரத்தினம் வாயைக் குவித்து ஊ... ஊ... என்று காற்றடித்தார். நன்றாகத்தான் அடித்தார். அவர் மூன்றாவது ஊ முடிப்பதற்கிடையில் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து முதல் அலை வந்து இருவரையும் நனைத்தது.

அன்றிரவு வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்கள், குறையவில்லை. மறுநாள் காலை நாற்பதாம் இலக்கத்துக் கிழவி சத்தம் கேட்டு வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் மடக்குக் கதிரை ஒன்றோடு வந்து குந்தினார். பிறகு நாய் கொண்டுவருகிறவர்கள் வந்தார்கள். டிசம்பர்க் குளிரில் குளித்தால்தான் உடம்புக்கு நல்லது என்று நம்புகிற போலந்துக்காரர் இருவர் வந்தார்கள். ஒரு போதகர் வந்து அளவெடுத்துப் பார்த்துவிட்டு ஏழு பேருக்கு முழுக்குக் கொடுத்தார். கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து, தன் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லையென்று சொல்லி, ஹோலில் சிவப்பு மிதவை வளையம் ஒன்றைக் கொழுவிவிட்டுப் போனாள். முப்பதாம் திகதி மத்தியானத்துக்குள் அந்த வீடு கடலோரச் சிற்றூர் ஒன்றின் கோலத்துக்கு வந்துவிட்டது. வருகிறவர்கள் வீட்டுக்காரரை அவ்வூர்ப் பழைய குடிகளாக நினைத்து, தண்ணீர் எப்போது வற்றும், டொய்லெட் எந்தப் பக்கம், சிப்ஸ் எங்கே நல்லது என்று கேட்டார்கள். சபாரத்தினம் சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே கடலை வெட்டியவர்போல விளக்கம் சொன்னார். மனிதருக்கு வெட்கம் என்பது மறுநாள் விடியும்வரை வரவேயில்லை.

சிவகௌரிக்கோ முதல் மணித்தியாலத்திலேயே வந்துவிட்டது. வெள்ளைக்காரர், கறுப்பர், போலந்துக்காரர் எவரைப் பற்றியும் அவளுக்குக் கவலையில்லை. தமிழர்கள் வரத் தொடங்கியதும்தான் கவலை பிடித்தது. முதலில் வந்தவள் வாட்ஸ்அப் குழுவில் அலைப் படத்துக்கு லைக் போட்ட அனோஜினி. காலை நனைத்து, படம் பிடித்து, எல்லாம் முடித்துவிட்டு, "எப்பயக்கா வந்தது?" என்று கேட்டாள். இருபத்தொன்பதாம் திகதி மூன்று பத்துக்கு என்று சபாரத்தினம் முந்திக்கொண்டு சொன்னார். அனோஜினியின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியதைச் சிவகௌரி கண்டாள். அனோஜினி ஒன்றும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டு போனாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தமிழரும் திகதி கேட்டார்கள், ஒவ்வொருவரும் சிரித்தார்கள். முப்பத்தோராம் திகதி இரவு ஊரெல்லாம் வாணம் விட, சிவகௌரி குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். உறவுக்குத் தெரிந்தால் தெரியட்டும், நாலு நாள் கதைத்துவிட்டு விடுவார்கள். பஸ்தியாம்பிள்ளைக்குத் தெரிந்தால்? இரண்டாம் திகதி அவருக்கு விமானம். அவர் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் போகப்போகிறார், அதுவும் காரணம் தெரிந்துகொண்டு போகப்போகிறார் என்ற நினைப்பு அவளைத் தின்றது. போன் எடுத்து வரச் சொல்லவும் ஏலவில்லை. எந்த வாயால் சொல்வது?

முதலாம் திகதி மத்தியானம் அவர்களாகவே வந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, சொக்ஸை மடித்துப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்போலப் பக்குவமாக இறங்கினார். சுவர்ணாவின் முகம் பூரித்துப்போய் இருந்தது. "நான் இவருக்குச் சொன்னனான், கௌரி பொய் சொல்லமாட்டாள் எண்டு. சனம் என்னென்னவோ கதைக்குது. கடலுக்குப் போறம் எண்டாள், கடல் இஞ்ச இருக்கு. வேறென்ன வேணும்?" என்று சொல்லிக்கொண்டே சுவர்ணா அலைக்குள் நடந்துபோய், சின்னப் பிள்ளைபோலக் கையால் தண்ணீரை அளைந்தார். சிவகௌரிக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. நிலம் எங்கே, தண்ணீர்தான் இருந்தது.

சுவர்ணா சிப்பி பொறுக்க ஜன்னலோரம் போன சமயம், சிவகௌரி பஸ்தியாம்பிள்ளையைக் குசினிக்குள் கூப்பிட்டாள். குசினித் தரை காய்ந்திருந்தது. "அண்ணை, அண்டைக்கு நாங்கள் வீட்டிலதான் இருந்தனாங்கள்," என்றாள்.

"தெரியும் பிள்ளை."

அவர் அதை நேரம் சொல்கிற குரலில் சொன்னார். பையைத் தபால் துவாரத்தால் தள்ளலாமா என்று குனிந்து பார்த்தாராம். இருட்டுக்குள் இரண்டு சோடி உள்ளங்கால் தெரிந்ததாம். "ரெண்டு பேரும் விழுந்தெல்லோ கிடக்கிறியள். காஸ் கீஸ் அடிச்சுப்போட்டுதாக்கும் எண்டு எனக்கு நெஞ்சிடிச்சுப் போச்சு. அதாலதான் போன் எடுத்தனான். உம்மட குரல் கேட்டாப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது."

சிவகௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மூன்று நாளும் அவர் கோபிப்பார், ஏசுவார், ஒரேயடியாகக் கதைக்காமல் விடுவார் என்றெல்லாம் யோசித்திருந்தாள். கதவுக்கு வெளியே ஒரு மனிதர் தங்களைப் பிணமென்று நினைத்துப் பதறிக்கொண்டு நிற்க, தான் அவருக்குக் காற்றடிக்கிறது என்று சொன்னதை அவள் யோசித்திருக்கவில்லை. அதற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

"ஒரு உதவி செய்யும்," என்றார் பஸ்தியாம்பிள்ளை, குரலைத் தாழ்த்தி. "சுவர்ணாவுக்குச் சொல்லிப்போடாதையும். நான் அவவுக்கு, போனுக்குள்ள கடல் இரையுது, நீரும் கேளும் எண்டு சொல்லிப்போட்டன். அவ உங்களில நல்ல பட்சம். தெரிஞ்சால் தாங்கமாட்டா." பிறகு பானையை எட்டிப் பார்த்து, என்ன கறி என்று கேட்டார். கணவாய்க் கறி. சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். முன்னறையில், முழங்காலளவு தண்ணீருக்குள் போட்ட மேசைக்கு முன்னால் இருந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சிவகௌரி பரிமாறினாள். சுவர்ணா அவள் கையைப் பிடித்து, இப்படி ஒரு இடத்துக்குத் தங்களையும் கூப்பிட்டதற்குப் புண்ணியம் கிடைக்கும் என்றார். கூப்பிட்டவள் தலையைக் குனிந்துகொண்டு பருப்பு விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடக் கடைசி வந்து போய்விட்டது. கடல் அப்படியே இருக்கிறது. அனோஜினியும் மற்றவர்களும் சிரித்து முடித்து, வேறு வீட்டுக் கதைக்குப் போய்விட்டார்கள். சோபாவை மாடிக்கு ஏற்றியாயிற்று. சபாரத்தினம் பெட்ரோல் ஸ்டேஷனைப் பாதி நேரமாக்கிக்கொண்டு மிச்ச நேரத்தில் தூண்டில் போடுகிறார், சூடை மீன் நன்றாகப் படுகிறது. பஸ்தியாம்பிள்ளையும் சுவர்ணாவும் ஒவ்வொரு டிசம்பரும் இருபத்தொன்பதாம் திகதி வருகிறார்கள், மூன்று நாள் நிற்கிறார்கள். கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் இருவரும் குசினித் தரையில் படுக்கிறார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

போன வருடம் நாயோடு வந்த ஒரு குடும்பத்துக்குச் சுவர்ணா இடம் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார்கள். சுவர்ணா தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இந்த வீட்டுப் பெண் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை, அதனால் வந்தது என்றார். பஸ்தியாம்பிள்ளை கப்பலைப் பார்ப்பவர்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சிவகௌரி தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்துகொண்டிருந்தாள், கேட்டாள், நின்றாள், பிறகு ஒவ்வொருவருக்கும் சீனி எத்தனை கரண்டி என்று விசாரித்தாள். தண்ணீர் நாலு விரல் ஏறியது. சுவர்ணா சாறியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தனக்குச் சீனி வேண்டாம் என்றார்.