அடிவெட்டு மரங்கள்

அங்கம்மாவின் பெயர் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் பட்டியலில் ஏறிவிட்டதைக் கங்காணி வீரமுத்து லயத்து வாசலில் நின்றபடியே சொன்னான். உள்ளே வரவில்லை. நாற்றம் அடிக்கும் என்று நினைத்திருப்பான். அடிக்கத்தான் செய்தது.

"வர்ற வியாழக்கிழமை. செடெனாக் ஸ்டேசன் வரைக்கும் மாட்டுவண்டி. அங்கேருந்து ரயிலு, சிங்கப்பூர்ல கப்பலு. நாகப்பட்டணத்துல எறக்கி விட்ருவாங்க. தொரை ஒரு கம்பளிகூடக் குடுக்கச் சொல்லியிருக்காரு."

"எறங்கி எப்படிய்யா நடந்து போறது?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்ப நான் போகல."

"நீ போறியா போகலையான்னு கேக்க வரல. வேலைக்கு ஆகாதவங்கன்னு ஆறு பேரு. ஆறுல நீ ஒண்ணு." சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகு அங்கம்மா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பத்தும் மடங்கின. கால் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால், தீபாவளியை ஒட்டி, ரப்பர் தோட்டத்துக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இருமல், மூக்கில் ரத்தம், மூன்றாம் நாள் முகம் நீலம். பன்னிரண்டு கதவு உள்ள லயத்தில் ஒன்பது கதவிலிருந்து பிணம் போனது. அங்கம்மாவின் புருசன் லெட்சுமணனும் போனான். குழி வெட்ட எழுந்து நிற்கும் ஆண்பிள்ளை இல்லை. அங்கம்மாவும் பக்கத்து வீட்டுச் செல்லமும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் வெட்டினார்கள். அவளுக்கும் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் இருமிவிட்டு எழுந்து வேலைக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மறுநாள் வடிகால் கானைத் தாண்டும்போது முட்டி மடங்கி விழுந்தாள். நான்காம் நாள் கையில் பால் வெட்டும் கத்தி நிற்கவில்லை. ஆறாம் நாள் குடித்த கஞ்சி மூக்கு வழியாக வந்தது. கண் இமை மூடவில்லை. மூச்சு பாதிதான் உள்ளே போனது. செல்லம் அரிசிச் சாக்கைச் சுவரோடு அடுக்கி அவளைச் சாய்த்து வைத்துத் துணியால் கண்ணை மூடிக் கட்டினாள். சாவாள் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். அவள் சாகவில்லை.

பொம்பளை குழி வெட்டினாள், குழி காலைப் பிடித்துக்கொண்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். "அப்ப செல்லத்துக்கு ஏன்டி கால் நல்லா இருக்கு? அவளுந்தானே வெட்டினா?" என்று அங்கம்மா குழறிக் குழறிக் கேட்டாள்.

டிரஸர் நமசிவாயம் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். உள்ளங்கை விளிம்பால் அவள் முட்டிக்குக் கீழே தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை.

"பெரிபெரி. அரிசியால கால் விளங்காமப் போற வருத்தம். நான் எத்தினை பேரைப் பார்த்திருக்கிறன்."

"ஐயா, அது வெள்ளரிசி திங்கிற சீனக் கூலிங்களுக்கு வர்றது. நாங்க புழுங்கலரிசி."

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"இது காய்ச்சலுக்கு அப்புறம் வந்துச்சு ஐயா. கால்லேருந்து ஏறிச்சு. இப்ப மேலேருந்து எறங்குது. மொத கண்ணு மூடுச்சு. அப்புறம் வாயி. அப்புறம் கழுத்து. இப்ப கையி. கடைசியா வந்தது மொதல்ல போகுது. காலுந்தான் சரியாவும்."

"பெரிபெரி அப்பிடிப் போகாது."

"அப்ப இது பெரிபெரி இல்ல."

டிரஸர் பச்சைப்பயறு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சீட்டில் 'பெரிபெரி, நிரந்தர முடம்' என்றுதான் எழுதினார். சீமைச் சண்டையும் காய்ச்சலுமாகக் கப்பல் இல்லாததால் இத்தனை நாள் அவளை விட்டு வைத்தார்கள். இப்போது கப்பல் வந்துவிட்டது.

ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. அப்பன் பண்ணையில் அடிபட்டே செத்தான். அவளும் லெட்சுமணனும் பண்ணையாருக்குத் தெரியாமல் கிளம்பிக் கப்பல் ஏறியவர்கள். கால் இல்லாமல் திரும்பினால் கோயில் வாசலில் உட்கார்ந்து பிச்சை எடுக்க வேண்டும். அந்தக் கோயில் வாசலுக்குக்கூட அவள் சாதியை விடமாட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் செல்லம் கஞ்சி கொண்டு வந்தபோது அங்கம்மா கேட்டாள். "நாலாம் நம்பர் காட்ட யாரு வெட்டுறா?"

"யாரு வெட்டுவா? அடிவெட்டு மரம். பால் வெட்டற கோடு எறங்கி எறங்கித் தரையிலேருந்து ஒரு சாண்ல நிக்குது. குனிஞ்சே வெட்டணும். வெட்டினவங்க எல்லாம் காய்ச்சல்ல போயிட்டாங்க. இருக்கறவங்களுக்கு இடுப்பு ஒடியுது."

"எனக்குக் குனிய வேணாம்."

செல்லம் அவளையே பார்த்தாள். "அடிப்பாவி."

"நாளைக்கு வெளுக்கறதுக்கு முன்ன என்னைத் தூக்கிட்டுப் போய் அங்க போட்டுரு. லெட்சுமணன் கத்தி கூரையில சொருகியிருக்கு, எடுத்துத் தீட்டிக் குடு."

"நான் இருக்கற இருப்புக்கு ஒன்ன எப்படிடி தூக்குவேன்?"

"தின்னிருந்தாத்தானே கனம் இருக்கும்? தூக்கிப் பாரு."

வியாழக்கிழமை காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கொம்பு ஊதுவதற்கு முன்பே செல்லம் அவளை முதுகில் சுமந்து கான் தாண்டினாள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். முதல் மரத்தடியில் பொத்தென்று இறக்கிவிட்டு, ஆள் எண்ணும்போது நிற்க வேண்டுமென்று ஓடினாள்.

அங்கம்மா கொண்டுவந்திருந்த சாக்கைச் சூத்துக்கு அடியில் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து எறிந்தாள். கத்தியை வைத்து இழுத்தாள். பிடி நிற்கவில்லை. பட்டையோடு மரத்தின் சதையையும் அறுத்துவிட்டது கத்தி. நல்ல நாளில் இப்படிக் காயம் பண்ணியிருந்தால் கங்காணி பிரம்பு எடுத்திருப்பான். இரண்டாம் மரமும் காயம். மூன்றாவதும். நான்காவதில் முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு இழுத்தாள். பட்டை மெலிசாகச் சுருண்டு விழுந்தது. பால் கோடு பிடித்து இறங்கி மரத்தடி மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டியது.

கைகளை ஊன்றி அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். கால்கள் பின்னால் இழுபட்டு வந்தன. லாலாங் புல் தொடையைக் கிழித்தது. அது தெரிந்தது. எரிகிறதே என்று அவளுக்குச் சந்தோசமாக இருந்தது, போன மாதம் அதுவும் தெரியாது. அட்டை ஏறியது. பிய்த்துப் போட்டாள்.

வெயில் ஏறிய பிறகு வீரமுத்து வண்டிக்காரனோடு வந்தான். லயம் முழுக்கத் தேடியிருப்பான் போல. மூச்சு வாங்கியது.

"ஏய்! ஒன்ன எங்கெல்லாம் தேடறது? வண்டி நிக்குது. அஞ்சு பேரும் ஏறியாச்சு."

"வேல நேரத்துல வந்து கூப்பிடறியே கங்காணி. பாரு, மங்குல பால் இறங்கிக்கிட்டு இருக்கு. இப்ப விட்டுட்டுப் போனா கட்டியாப் போயிரும். தொரை பால் ஆச்சே."

"ஒனக்கு யாரு வேல குடுத்தா?"

"யாரு குடுக்கணும்? மரம் சும்மா நின்னுச்சு. நானும் சும்மா இருந்தேன்."

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். வீரமுத்து அவனை முறைத்தான். "தூக்குடா அவள."

வண்டிக்காரன் கிட்டே வந்தான். அங்கம்மா கத்தியைக் கீழே போடவில்லை. அவன் நின்றுவிட்டான். "நீங்களே தூக்குங்க கங்காணி" என்றான்.

இந்தக் கூச்சலில்தான் காடு சுற்ற வந்த பெரிய தொரை அங்கே வந்து சேர்ந்தான். நாய் முன்னால் வந்து அங்கம்மாவை மோந்து பார்த்தது. தொரை வெட்டுக் கோடுகளைப் பார்த்தான். குனிந்து விரலால் தடவினான்.

"யார் வெட்டு?"

"நாந்தான் தொரை. மொத மூணு மரம் காயம். அத நானே சொல்லிடறேன். நாலாவதுலேருந்து பாருங்க."

தொரை நாலாவதிலிருந்து பார்த்தான். மரம் மரமாகப் போனான். நாற்பத்தொரு மரம் வெட்டியிருந்தாள். நல்ல வெட்டுக்காரி இந்நேரம் முந்நூறு வெட்டியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் ஐந்து மாதமாக இந்தக் காட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதுவும் இரண்டு பேருக்கும் தெரியும்.

"டிரஸர் சொல்றான், நீ எப்பவும் நடக்காது."

"டிரஸர் கையும் வராதுன்னுதான் சொன்னாரு தொரை." அங்கம்மா கத்தியை உயர்த்திக் காட்டினாள். "கப்பல்ல ஏத்தணும்னா ஆளப் போட்டுத் தூக்கித்தான் ஏத்தணும். கத்துவேன். சிங்கப்பூர் வரைக்கும் கத்துவேன்."

தொரை தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். அவனுக்கு இரக்கம் வந்ததாக அங்கம்மா நினைக்கவில்லை. வெட்டாத மரங்கள் அவன் கண்ணுக்குள் ஓடின, அவ்வளவுதான்.

"அரை ஆள் பேர், அரைக் கூலி. மூணு மாசம். அப்புறம் பார்க்கிறேன்" என்றான். பிறகு நின்றான். "நீ வெட்டுவே. சரி. பால் ஸ்டோருக்கு யார் தூக்குவா?"

அதை அங்கம்மா யோசிக்கவே இல்லை. வீரமுத்துவின் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"வெட்டறது நான் தொரை. தூக்கறதுக்குக் கால் இருக்கறவங்க யாரையாவது விடுங்க."

தொரை சுற்றிப் பார்த்தான். வண்டிக்காரன் வண்டிக்குப் போக வேண்டும். மற்ற ஆட்கள் எல்லாரும் அவரவர் நிரையில் இருந்தார்கள். தொரை பிரம்பால் வீரமுத்துவைக் காட்டினான். "இன்னைக்கு நீ தூக்கு." நாயைச் சீட்டியடித்துக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான்.

வாளி கொண்டுவர ஸ்டோருக்கு நடந்தான் வீரமுத்து. போகும்போது காறித் துப்பினான்.

"மூணு மாசத்துல கால் வரலேன்னா என்னடி பண்ணுவே?" என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

"அப்ப வந்து கேளு. இப்ப வாளியச் சீக்கிரம் கொண்டா, பால் உறையுது!"

அவள் கைகளை ஊன்றி நாற்பத்திரண்டாவது மரத்துக்கு நகர்ந்தாள்.