குச்சனூரில் போன செருப்பு

லோயர் கேம்ப்பில் மலையிறங்கி வருகிற பெரியாற்றுத் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் அடுத்த போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வராமல் போகட்டும். இதைக் கேட்ட பக்கத்துத் தோப்பு வீரபாண்டி, "சீனிச்சாமிண்ணே, ஒங்க சத்தியத்துக்கு என் வாழைய எதுக்கு இழுக்குறீக?" என்று பதறினான். செய்தது செய்ததுதான்.

இரண்டாயிரத்து எட்டு, ஆடி மாதம். கரண்டு வந்ததைவிடப் போனது அதிகமாக இருந்த வருசம். உத்தமபாளையத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் நத்தர்ஷா, கொச்சியிலிருந்து ஒரு ஜோடி தோல் செருப்பு கொண்டுவந்திருந்தார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது.

"அண்ணே, வாங்க வேணாம். சும்மா கால விட்டுப் பாருங்க," என்றார்.

விட்டேன். பித்தவெடிப்பில் பாளம்பாளமாகக் கிடந்த என் குதிகால் அதற்குள் புதைந்தது. நின்றபடியே தூங்கிப்போனேன். கடையடைக்கும் நேரத்தில் நத்தர்ஷாதான் தோளைத் தட்டி எழுப்பினார். அறுபது தாண்டிய மனிதன் தனக்கென்று ஒன்று வாங்கினால் அது மருந்தாகத்தான் இருக்கிறது. நான் அந்தச் செருப்பை வாங்கினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி மாயக்காளும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"பாதத்துக்கு மெத்தை. முதுகுக்குப் பாய். நல்லாருக்கு," என்றாள்.

அந்தச் சனிக்கிழமையே குச்சனூருக்குப் போனோம். ஆடிச் சனி, சொல்ல வேண்டுமா கூட்டத்தை? சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மழை. என் செருப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் வாரில் ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. நான் அங்கே கிடந்த செருப்புக் குவியலையெல்லாம் கிளறத் தொடங்கினேன். மாயக்காள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"தேடாதீக! செருப்பு போச்சுன்னா சனி போச்சு. அதுவும் குச்சனூர்ல, ஆடிச் சனிக்கெழம! யாருக்குக் கெடைக்கும்?"

"சனி என் கால்லயா இருந்துச்சு?"

"வேற எங்கன இருந்துச்சுன்னு நெனச்சீக?"

எங்கள் பக்கத்தில் பீடை கழியட்டும் என்று பழைய செருப்பைக் கோயிலில் வேண்டுமென்றே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. புதுச் செருப்பு, அதுவும் நமக்குத் தெரியாமலே போனால், பலன் இரட்டிப்பு என்பது மாயக்காள் போட்ட சட்டம். விசயம் பரவி, முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து என்னை விசாரித்தார்கள். போடியிலிருந்து வந்த ஒருவர், "குடுத்து வச்ச ஆளு," என்று என் வெறுங்காலை ஏக்கமாகப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

அன்றிலிருந்து எனக்கு நல்ல காலம். நிம்மதி போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோர சீட்டு காலியாக இருந்தது. ஆடிச் சனியன்று குச்சனூர் பஸ்ஸில் சன்னலோரம்! கண்டக்டரே வந்து, "ஏதும் விசேசமா?" என்று கேட்டார். தெருவெல்லாம் கரண்டு போனால் என் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. சீரியல் பார்க்க வந்த கூட்டத்தில் எனக்கு உட்கார இடமில்லை. மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிரைண்டருக்கு வரிசையில் நின்றவர்கள் என்னை, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார்கள்.

பிறகு காற்று. ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கினால் எங்கள் பள்ளத்தாக்கில் வாழைக்கு முட்டுக் கொடுத்தும் பயனில்லை. அந்த வருசம் அது என் தோப்பு வரப்பு வரைக்கும் வந்தது, நின்றது, யோசித்தது, பிறகு சுற்றிக்கொண்டு போயிற்று. என் கண்ணால் பார்த்தேன். என் தோப்பில் ஒரு இலை கிழியவில்லை. மறுநாள் விடிந்ததும் வீரபாண்டி வந்துவிட்டான்.

"அண்ணே, ஒங்க தோப்புக்கு வரவேண்டிய காத்தும் சேந்து என் தோப்புக்கு வந்துருச்சு. இது ஞாயமா?"



டீக்கடையிலும் என் பிழைப்புக் கெட்டது. காலையில் ஒரு டீயைக் கையில் பிடித்துக்கொண்டு கரண்டைத் திட்டி, காற்றைத் திட்டி, பஸ்ஸைத் திட்டி எழுந்து வருவதுதான் என் வழக்கம். இப்போது வாயைத் திறந்தால், "ஒங்களுக்கென்னண்ணே," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டீயில் சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. குறைசொல்ல ஒன்றுமில்லாதவனிடம் யார் பேசுவார்கள்?

உள்ளங்கால் வேறு தினவெடுத்தது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எங்கே போனாலும் அடுத்தவர் காலைத்தான் பார்த்தேன். சின்னமனூரில் ஒரு கல்யாணத்தில் பந்தி பந்தியாகக் குனிந்து நான் கால்களைப் பார்த்துக்கொண்டு போக, "பெரியவரு எல்லார் கால்லயும் விழப் போறாரு, எந்திரிங்கப்பா!" என்று யாரோ கத்தி, சாம்பார் ஊற்றிய இலையை விட்டுவிட்டுப் பந்தியே எழுந்து நின்றது. செருப்பு இல்லாமல் இனி வாழ முடியாது என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.

அந்த வாரமே நத்தர்ஷாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஒங்க செருப்பு இப்பக் கடைக்கு வந்துட்டுப் போகுது. அந்த மாதிரி ஒரே ஜோடிதான் நான் கொண்டாந்தேன், எனக்குத் தெரியாதா? தேவாரத்துக்காரரு, கருத்தக்கண்ணன்னு பேரு. இத வச்சுக்கிட்டு ஒரு ரப்பர் செருப்பு குடுத்தாப் போதும்ங்கறாரு."

"வாங்கி வச்சீகளா?"

"அட, நீங்க ஒண்ணு! எனக்குச் சனியப் பத்தித் தெரியாது. ஆனா அவரு படியேறும்போதே கரண்டு போச்சு. எறங்கிப் போனதும் வந்துருச்சு. அட்ரஸ் மட்டும் வாங்கி வச்சுருக்கேன்."

மாயக்காளிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுத் தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன். கருத்தக்கண்ணன் வீட்டு வாசலில், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு அவர் எதிரே தனியாக வெயிலில் கிடந்தது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"மழைக்கு எல்லாரும் ஓடுனாக. நானும் பதறிப் போயிக் கால விட்டேன். மெத்துன்னு இருந்துச்சு. என்னோடது இல்லன்னு காலுக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே. ஆனா கழட்ட மனசு வரல."

அவரைத் திட்டத்தான் போயிருந்தேன். அந்தப் பஞ்சில் கால் வைத்தவன் நான், எப்படித் திட்டுவது?

"அப்பறம்?"

"அன்னைக்கே மோட்டாரு பொகஞ்சுருச்சு. ஆடு ரேசன் கார்டத் தின்னுருச்சு. ஒரு வாரம்னு வந்த மருமகன் இன்னும் போகல."

"மருமகன் போகாததெல்லாம் சனிக் கணக்குல வருமா?"

"நீங்க அவரப் பாக்கல," என்றார் தாழ்ந்த குரலில்.

செருப்பை என்னிடம் கையால் எடுத்துத் தரவும் அவர் சம்மதிக்கவில்லை. எண்ணெயைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோமே, அந்த முறை. "அங்கனயே கெடக்கட்டும். நீங்களா மாட்டிக்கங்க. முழுச் சம்மதத்தோட மாட்டணும். பின்னாடி என்னையச் சொல்லக் கூடாது."

"முழுச் சம்மதம்," என்று காலை விட்டேன். உள்ளங்கால் தினவு நின்றது. அந்த நிமிசமே வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் பெட்டியோடு வெளியே வந்து, "அப்ப நான் கெளம்புறேன் மாமா," என்றார். கருத்தக்கண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

நான் நிறுத்தத்துக்குப் போகும்போது பஸ் புறப்பட்டு முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸில், கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர்கீழே ஒரு சீட்டு கிடைத்தது. ஊருக்குள் இறங்கினால் தெரு இருண்டு கிடந்தது, அதிலும் முதலில் என் வீடு. மிச்சத்தைச் சொல்ல வீரபாண்டி ஓடிவந்தான்.

"அண்ணே! காத்து திரும்ப வந்து ஒங்க தோப்ப மொத்தமாப் படுக்கப் போட்டுருச்சுண்ணே!" சொல்லிவிட்டு, என்னைக் கட்டாயப்படுத்தி டீக்கடைக்குக் கூட்டிப்போனான். டீ வாங்கித் தந்தான். சர்க்கரை போடாத டீ. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் பேசினேன். யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டு வாசலில் மாயக்காள் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"அது உள்ள வந்தா நான் வெளிய."

"உள்ள வரலம்மா. நானும் வரல."

வாசலிலேயே நின்றேன். கால் புதைந்தது, கண் சொருகியது. கொஞ்ச நேரம் பொறுத்து அவளே சோற்றுத் தட்டோடு வந்து, "நின்னுக்கிட்டே தூங்குற சென்மத்த இப்பத்தான் பாக்கறேன்," என்று என்னை உலுக்கி எழுப்பினாள். குழம்பில் உப்பில்லை. எனக்கு மறுநாள் பேச்சுக்கு அது போதும்.

என் சத்தியத்தைக் கேட்டு வீரபாண்டி வாழைக்குப் பதறியதில் தப்பில்லை: பிறந்ததிலிருந்து இன்றுவரை நான் செருப்புப் போட்டதில்லை.