எத்தாளையின் குளிர்காலமும் ஹாஜியாரின் கோட்டும்

இலங்கைத் தீவின் குளிர்கால வரலாற்றை எத்தாளையிலிருந்துதான் மாற்றி எழுத வேண்டும். 2017ஆம் ஆண்டு தை மாதத்தின் ஒரு விடியற்காலையில், கல்பிட்டிக் குடாநாட்டின் இந்த மணல் ஊரில், வெப்பநிலை பதினொரு பாகைக்கு இறங்கியது. மலைநாட்டு நுவரெலியாவே தலைகுனிய வேண்டிய குளிர். அதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் விவசாய சங்கத் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார். அவருடைய வெப்பமானி மீன்வாடியின் ஐஸ் அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது.

வெப்பமானியை நிழலில் மாட்ட வேண்டும் என்று கொழும்புக் கருத்தரங்கில் சொல்லியிருந்தார்கள். ஊரில் நல்ல நிழல் அங்கேதான் இருந்தது.

அந்தக் கருத்தரங்குதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அதற்கு முன் ஹாஜியார் வெங்காயம் செய்கிற மனிதராகத்தான் இருந்தார். போய் வந்த பிறகு காலநிலை ஆலோசகர் ஆனார். பட்டம் யார் கொடுத்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் அவர் ஒரு கோட்டோடு திரும்பி வந்தார். கருநீலம், தோளில் பஞ்சு வைத்துத் தைத்தது. கருத்தரங்கின் முடிவில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் மேடையில் வைத்துத் தம் கையாலேயே அதைப் போர்த்திவிட்டு, "உங்கள் கரையில் ஒரு குளிர்கால அவதான நிலையம் கட்டுங்கள், இடத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டாராம். பேராசிரியரின் பெயர் ஹாஜியாருக்கு நினைவில்லை. கடிதம் கிடிதம் எதுவும் கிடையாது. ஆனால் கோட்டு இருந்தது. சாரத்துக்கு மேலே ஜுப்பா, ஜுப்பாவுக்கு மேலே அந்தக் கோட்டு என்று அவர் நடந்து வரும்போது, ஐயப்பட்டவர்கள்கூட எழுந்து கதிரை கொடுத்தார்கள்.

ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஊரின் கைபேசிகளில் அவருடைய குரல்பதிவு வந்து விழும். அதில் 'போக்கு' என்ற சொல் நிறைய வரும். குளிர் கூடுகிற போக்கு, மழை குறைகிற போக்கு, வாடைக்காற்று திசை மாறுகிற போக்கு. இவற்றில் நடுவில் உள்ளது மட்டும் உண்மை. முந்திய ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரவேண்டிய மழை வரவில்லை. மார்கழியில் நாலு தூறல் விழுந்து மணலைக் கேலி செய்துவிட்டுப் போனது. கிணறுகளில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கியது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதா, உப்பு ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிடுவதா என்று பெண்கள் கதைத்துக்கொண்டார்கள்.

வெங்காயத் தோட்டங்களின் தண்ணீர் மோட்டார்கள் மட்டும் இராப்பகலாக ஓடின. ஊரிலேயே பெரிய மோட்டார் ஹாஜியாருடையது. ஆனால் மழை ஏன் வரவில்லை என்பதற்கு அவர் வேறொரு காரணம் கண்டுபிடித்திருந்தார். அது சித்தி லெய்லாவின் கருவாடு.

சித்தி லெய்லா மன்னாரிலிருந்து வந்தவள். 1990இல் ஆயுத இயக்கம் முஸ்லிம்களை வடக்கிலிருந்து துப்பாக்கி முனையில் வெளியேற்றியபோது பள்ளிக்கூடச் சீருடையோடு வள்ளத்தில் ஏறி இந்தப் பக்கம் இறங்கியவள். இந்த இருபத்தாறு வருடத்துக்குள் இங்கே கலியாணம் முடித்து, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். ஊர் மட்டும் இன்னும் அவளை 'அகதி வூட்டு லெய்லா' என்றுதான் சொல்லும். கடற்கரையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெட்டவெளியில், கிடுகும் பழைய வலையும் விரித்து, சாளையும் நெத்தலியும் காயவைத்து விற்றுத்தான் அவளுடைய வீடு ஓடியது. மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கிற இந்த மாதங்களில் மீன் கொட்டும். இந்தப் பருவத்தில் காய்ந்தால்தான் ஆடிக்கச்சான் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அடுப்பு எரியும்.

கருவாட்டு உப்பு ஆவியாகி மேலே போய் மேகத்தைக் கலைக்கிறது என்பது ஹாஜியாரின் ஆய்வு முடிவு. ஆகவே அவதான நிலையத்துக்கு மிகப் பொருத்தமான இடம் அந்த வெட்டவெளிதான் என்றும் தெரிவு செய்துவிட்டார்.

சித்தி லெய்லாவின் வானிலை அறிவும் ஏறக்குறைய அதே தரம்தான். தன்னுடைய மீன் காயும் வரைக்கும் ஒரு துளி மழை விழாது என்று அவள் அடித்துச் சொன்னாள். அதற்கு அவளிடம் இருந்த ஒரே ஆதாரம், விழுந்தால் தனக்குக் கட்டாது என்பது.

மழை கேட்டுத் தொழுவது என்று ஊர் முடிவெடுத்தபோது, கனமூலையிலிருந்து புதிதாக வந்திருந்த ஸப்வான் மௌலவி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு துஆ ஓதினால் போதும் என்றார். ஹாஜியார் விடவில்லை.

"அரைகுறை வேலை வேணாம் மௌலவி. வெளியில வெச்சுத் தொழணும், குத்பா ஓதணும். கிதாபுல என்னென்ன சுன்னத் இருக்கோ, ஒண்டு விடாமச் செய்யணும்."

அன்றைய குரல்பதிவிலும் இதையே அறிவித்தார். நபிவழியான சுன்னத்தில் ஒன்றை யாராவது ஒருவர் விட்டாலும் மழை தள்ளிப்போகும் என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

தொழுகைக்கு முதல் நாள் பின்னேரம், வேலித் தூண்கள் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று கடற்கரையில் வந்து நின்றது. பின்னால் கோட்டு வந்தது. சித்தி லெய்லா குந்தியிருந்து நெத்தலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுக்கு மீன் கொடுக்கும் அல்பொன்சா, புருஷனின் வள்ளத்து மீனைக் கூடையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தொழுகை இங்கேதான், இதையெல்லாம் அள்ளு, தொழுகை முடிந்ததும் வேலி அடிக்கப் போகிறோம் என்றார் ஹாஜியார். அரைகுறையாகக் காய்ந்த மீனை அள்ளிக் கட்டினால் ஒரே இரவில் புழுப் பிடிக்கும், அந்தப் பருவத்து உழைப்பு முழுக்கப் போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

"ஸ்கூல் கிரவுண்ட் பெரிசாத்தானே இருக்கு, ஹாஜியார். அங்க தொழ ஏலாதா?"

"அங்க என்ட வெங்காயம் காயுது."

"இங்க என்ட மீன் காயுது."

உப்பு ஆவி பற்றி அவர் விளக்கத் தொடங்கினார். அல்பொன்சா கூடையைத் தட்டியபடியே, அப்படியென்றால் கடலையும் அள்ளச் சொல்லுங்கோ ஹாஜியார், அதற்குள்ளும் உப்புத்தான் என்றாள். லேண்ட்மாஸ்டர்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இயந்திரத்துக்குள் எதையோ தேடினார். ஹாஜியாருக்கு முகம் கறுத்தது. அகதியாக வந்தவர்களுக்கு நிலத்தைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார்.

சித்தி லெய்லா எழும்பவில்லை. கையில் இருந்த நெத்தலியைக் கவனமாக வெயில் பக்கம் திருப்பி வைத்தாள்.

"தொண்ணூறுல எழும்பு எண்டாங்க, எழும்பினோம். அவங்க துவக்கோட வந்தாங்க, ஹாஜியார். நீங்க கோட்டோட வந்திருக்கீங்க. இதுக்கெல்லாம் நான் எழும்புறதா இல்ல."

காலையில் ஊர் திரண்டு வந்தபோது மீன் அப்படியே விரிந்து கிடந்தது. ஓரத்தில் காகம் துரத்துகிற தடியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். ஸப்வான் மௌலவி மீனைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். மீன் ஹலால்தானே, அது வடக்குப் பக்கம் இருக்கட்டும், நாம் தெற்குப் பக்கம் தொழுவோம் என்றார். ஹாஜியார் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு எல்லாரையும் பார்த்து ஓர் அறிவித்தல் செய்தார். தொழுகை முடிந்த கையோடு ஒவ்வொருவரும் ஒரு கை கொடுத்து மீனை அள்ளி ஓரமாக்க வேண்டும், தூண்களை நட வேண்டும். பேராசிரியர் கேட்டுக்கொண்ட விஷயம், ஊரின் மானம் என்றார். பலர் தலையாட்டினார்கள். சித்தி லெய்லாவோடு வருடக்கணக்காகக் கதைத்துச் சிரித்தவர்களும் ஆட்டினார்கள். அவள் தடியை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பெண்களின் வரிசையில், மீனை ஒட்டிய ஓரத்தில் நின்றாள்.

தொழுகை ஒழுங்காக நடந்தது. முதல் வரிசையில் நிற்பவருக்கு நன்மை அதிகம். அன்று வாடைக்காற்று வாசத்தையும் அங்கேதான் அதிகமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஹாஜியார் முதல் வரிசையின் வடக்கு ஓரத்தில் நின்றார்.

பிறகு குத்பாப் பிரசங்கம். அதன் நடுவே மௌலவி ஊருக்கு முதுகைக் காட்டி, மக்காவின் திசையான கிப்லாவை நோக்கித் திரும்பினார். தோளில் கிடந்த சால்வையை உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டார். மழைத் தொழுகையில் இது சுன்னத். இந்த ஆடை புரளுவதுபோல எங்கள் நிலையையும் புரட்டிவிடு, றப்பே என்று பொருள். தொழுகிறவர்களும் மேலாடையைப் புரட்ட வேண்டும். எத்தாளையில் கடைசியாக மழைத் தொழுகை நடந்து நெடுங்காலம் ஆகியிருந்ததால், பலருக்கு இது மறந்துபோயிருந்தது. ஹாஜியாருக்கும்தான்.

மௌலவி சொல்லச் சொல்ல ஊர் புரண்டது. சால்வை உள்ளவர்கள் சால்வையைப் புரட்டினார்கள். சேட்டுக்காரர்கள் சேட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரப் போட்டார்கள். ஒட்டுப் போட்ட தையல்கள், மை ஒழுகிய பைகள், போன பெருநாளில் பிய்க்க மறந்த விலைச்சீட்டு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. ஒருவரும் வெட்கப்படவில்லை. எல்லாருடையதும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

ஹாஜியார் மட்டும் பொத்தானில் கை வைத்தபடி இருந்தார். குளிருது மௌலவி என்று மெல்லச் சொன்னார். நெற்றியில் வேர்வை ஓடியது. மௌலவி காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. பெண்களின் வரிசையிலிருந்து சித்தி லெய்லாவின் குரல், கத்தாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"கழட்டுங்க, ஹாஜியார். ஒருத்தர் விட்டாலும் மழை தள்ளிப்போகும் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

அவர் கழற்றினார். புரட்டினார். போட்டுக்கொண்டார். நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது வரிசையில் இருந்தவர்களின் உதடுகள் அசைந்தன. அவர்கள் ஓதவில்லை, வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசை கழுத்தை நீட்டியது. துஆ முடிந்ததும் ஊர் மிகவும் மரியாதையாக எழுந்து, சேட்டுகளை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டபடியே, மீனை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. லேண்ட்மாஸ்டர் தூண்களோடு திரும்பிப் போனது. சித்தி லெய்லா தடியை எடுத்துக்கொண்டு காகம் துரத்தப் போனாள். மழை அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மீன் காய்ந்தது.

கோட்டின் உள்முதுகில் தைத்திருந்த வெள்ளைத் துணியில், 'மாப்பிள்ளைக் கோட்டு வாடகைக்கு, மதுரங்குளி. கலியாணம் முடிந்த மறுநாளே திருப்பித் தரவும்' என்று எழுதியிருந்தது.