கயிற்றில் ஐம்பத்திரண்டு பேர்

ஆடிப்பூரத் தேரன்று காலை எட்டரை மணிக்கு யோகேஸ்வரிக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. புது பூட்ஸ் காலைக் கடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில், கூட்டம் தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்விடாமல், அவளுடைய கல்லூரியின் என்.சி.சி. பிள்ளைகள் நீளக் கயிறு ஒன்றைப் பிடித்து வரிசையாக நின்றார்கள். அந்த வரிசைக்கு அவள்தான் தலைவி. செட்டியார்பட்டியில் அவள் தெருவில் கேட்டுப் பாருங்கள், "அவ பாதி மிலிட்டரில்லா" என்பார்கள்.

அப்போது பியூலா மேடம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பாடம் நடத்துவது தாவரவியல், என்.சி.சி.க்குப் பொறுப்பும் அவர்தான்.

"ஏட்டி, இன்ஸ்பெக்ஷனுக்குக் கர்னல் சார் நம்ம காலேஜுல வந்து நிக்காராம்! ராத்திரி மெயில் அனுப்பிருக்காவ. நான் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன், பாக்கல."

"இன்னைக்கா? இங்க லீவுன்னு அவியளுக்குத் தெரியாதா மேடம்?"

"வெளியூர் ஆபீசுக்கு நம்ம தேரு எப்படிட்டி தெரியும்?"

யோகேஸ்வரி பூட்ஸை மறந்தாள். மறக்க மாட்டாளா பின்னே? அவர்கள் பிரிவுக்குக் கணக்கு ஐம்பத்திரண்டு பேர். போன இரண்டு ஆய்விலும் வந்து நின்றது முப்பதே பேர். மூன்றாவது தடவையும் ஆள் குறைந்தால் பிரிவையே தூக்கி வேறு ஊர்க் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவார்கள். பிப்ரவரியில் அவளுக்கு சி சர்ட்டிபிகேட் பரீட்சை. அது கையில் இருந்தால் ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு கிடையாது, நேரே நேர்முகத்துக்குப் போகலாம். பிரிவே இல்லையென்றால் பரீட்சை ஏது? இரண்டு வருஷம் ஓடிய ஓட்டமெல்லாம் வீண்.

ஒரு மணி நேரத்தில் கர்னல் ராம்குமாரும் வந்துவிட்டார். கல்லூரி வாட்ச்மேன் பாண்டி, கேட்டைப் பூட்டிவிட்டு ஜீப்பில் முன்சீட்டில் ஏறி, வழிகாட்டிக் கையோடு அழைத்து வந்திருந்தார். தேர் பார்க்க அவருக்கும் ஒரு சாக்கு வேண்டாமா!

"ஐம்பத்திரண்டு பேரையும் நான் பாக்கணுங்க. வரிசையில நிறுத்துங்க" என்றார் கர்னல். கோயம்புத்தூர்க்காரர், அதட்டலைக்கூட மரியாதையாகப் போடுவார்.

மேடம் வாயைத் திறக்குமுன் யோகேஸ்வரி சொல்லிவிட்டாள். "கயிற விட்டா சனம் சக்கரத்துக்குள்ள போயிரும் சார். நின்ன இடத்துலயே எண்ணிக்காட்டுதோம்."

கர்னல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, எண்ணுங்க."

"கின்தி கர்!" என்று எண்ணச் சொல்லி அவள் இந்தியில் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பலூன் விற்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏக்!" "தோ!" "தீன்!" என்று எண் கயிற்றோடு ஓடியது. கர்னலும் கூடவே நடந்தார், பின்னால் யோகேஸ்வரி. முப்பதாவது பையன் "தீஸ்!" என்று கத்தினான். அடுத்தவள் ஒரு கணம் முழித்துவிட்டு, "முப்பத்தொண்ணு!" என்றாள்.

கர்னல் நின்றார். "ஏங்க, இந்தி முப்பதோட முடிஞ்சுதா?"

யோகேஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "பரேடுல முப்பது பேருக்கு மேல நின்னதே இல்ல சார். அதுக்கு மேல யாரும் படிக்கல."

"இன்னிக்கு மட்டும் எப்படி வந்தாங்க?"

"பரேடு ஆறு மணிக்கு சார். மத்தவிய ஊரு தேவதானம் பக்கம், அங்கருந்து மொத பஸ்ஸு ஏழே காலுக்குத்தான் வருது. தேருக்குன்னா ராத்திரியே கிளம்பி வந்துட்டாவ."

கர்னல் மேலே எண்ணும்படி கை காட்டினார். எண்ணிக்கை தொடர்ந்தது. "முப்பத்தாறு!" "முப்பத்தேழு!" அப்புறம் சத்தமே இல்லை. அங்கே ஆள் இல்லாமல் கயிறு தொய்ந்து கிடந்தது. செத்தேன் என்று நினைத்தாள் யோகேஸ்வரி.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள். "அந்தத் தம்பி இருக்காருய்யா! எங்க மதினி மயங்கி விழுந்துட்டா, மருந்து டென்ட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு!"

அதே நேரம் தேர் அசைந்தது. கூட்டம் 'கோ'வென்று முன்னால் சாய்ந்தது. தொய்ந்த இடத்தில் சனம் பிதுங்கியது. யோகேஸ்வரி பாய்வதற்குள் கர்னல் தொப்பியைப் பாண்டியிடம் எறிந்துவிட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார்.

"முப்பத்தெட்டு!" என்று அவரே கத்தினார். "நிக்காதீங்க, மேல எண்ணுங்க!"

ஐம்பத்திரண்டு வரை வந்தது.

தேர் கடந்து போன பிறகு, முப்பத்தெட்டாவது இடத்தில் நிற்க வேண்டிய மாரீஸ்வரன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். தன் இடத்தில் ஒரு கர்னல் நிற்பதைப் பார்த்ததும் சல்யூட் அடித்த கையைக் கீழே இறக்கவே மறந்துபோனான்.

"மயங்கி விழுந்த அம்மா எப்படி இருக்காங்க?"

"சோடா கேக்காவ சார்."

கர்னல் சிரித்துக்கொண்டே கயிற்றை அவனிடம் கொடுத்தார். "முப்பத்தெட்டையும் பாத்தாச்சு" என்று சொல்லிப் பாண்டியிடமிருந்து ஆய்வு ஃபைலை வாங்கினார். எழுத மேசை இல்லை. யோகேஸ்வரி இரண்டு முன்கைகளையும் நீட்டினாள். அதன்மேல் வைத்து எழுதினார். அவள் எதிர்ப்பக்கம் நின்றதால் எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. பேனா போகிற போக்கில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஐம்பத்திரண்டு பேர் பணியில். பரேடு இனி எட்டு மணி. பிரிவு இங்கேயே தொடரலாம்.

"கையை ஆட்டாதீங்க" என்றார் கர்னல். "கையெழுத்து கோணுது."

"ஆட்டல சார்" என்றாள் யோகேஸ்வரி. கை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.