படையலுக்கு வைத்த மூன்று பாட்டில்

எட்டாம் நாள் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வல்லிபுரத்துக்குப் பிடித்தவை நண்டுக் குழம்பும் அவரே காய்ச்சிய பீரும்தான். நண்டை நான் சமைத்தேன். பீரை மகன் முத்துக்குமாரு பூச்சோங்கில் உள்ள அவருடைய பீர்த் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்தான். கறுப்பு, சிவப்பு, தேன் கலந்தது என்று மூன்று பாட்டில்.

அவர் தண்ணீர் இலாகா உத்தியோகத்தை விட்டுவிட்டு, தொண்ணூற்றைந்தில் அந்தத் தொழிற்சாலையைத் திறந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். சனிக்கிழமையானால் கிள்ளானிலிருந்துகூடப் பெரிய மனிதர்கள் வந்து, கார் நிறுத்த இடமில்லாமல் அலைவார்கள். இரண்டு வருடம் கழித்து மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு விழுந்ததும் அந்தக் கூட்டம் போன இடம் தெரியவில்லை.

"பீர்ல குறையே இல்ல மீனா. இன்னும் ஒரு மாசம் ஊறினா நல்லா வரும்," என்பார்.

மூக்கில் ஆபரேஷன் செய்ததிலிருந்து அவருக்கு வாசனையே தெரியாது. பக்கத்தில் குழம்பு கருகினாலும் அசையமாட்டார். அதனால் ருசி பார்க்கும் வேலையை நண்பர்களிடம் விட்டிருந்தார். நான் பீரைத் தொட்டதே இல்லை. எனக்கு என்ன தெரியும்?

படையல் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது முத்துக்குமாரு சொன்னான்.

"துறைமுக வேலைய விடப்போறேன்மா. அப்பா தொழில நான் நடத்துறேன்."

இராப்பகலாக அங்கே உழைத்துத்தான் அவர் படுக்கையில் விழுந்தார். அந்தக் கொட்டகை ஒரு ஆளைத் தின்றது போதாதா?

"பீர் நல்லா இருந்தா போ, நான் தடுக்கல. இவங்க குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்," என்றேன்.

விஜயனுக்கும் என் அண்ணன் கந்தப்புவுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். விஜயன் பிரிக்ஃபீல்ட்ஸில் பார் நடத்துகிறவர், என் வீட்டுக்காரரின் முதல் வாடிக்கையாளர். ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்குலா, அக்கா."

அண்ணனும் தலையாட்டினார். இரண்டு பேரும் கிளாஸைக் கீழே வைத்தவர்கள் மறுபடி எடுக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. விஜயனின் கிளாஸை எடுத்துக் குடித்தேன். புருஷன் போய் எட்டே நாளான பெண் சபையில் பீர் குடிக்கிறாளே என்று அண்ணன் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

வினிகர் மாதிரி இருந்தது. ஈரத்துணி நாற்றம் வேறு.

"இது கெட்டுப்போச்சு. எப்பலேருந்து இப்படி?"

விஜயன் தரையைப் பார்த்தார். "ரெண்டு வருசமா, அக்கா. அவரு ஆசையா கேக்கும்போது எப்படிச் சொல்றது? பெட்டி பெட்டியா வாங்கி சிங்க்ல ஊத்தினேன்."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் திருத்தியிருப்பார், அல்லது மூடிவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பார். பாசம் பாசம் என்று எல்லோருமாகச் சேர்ந்து ஆளையே முடித்துவிட்டார்கள்.

"கேட்டியா? வேலைய விடாத," என்றேன் மகனிடம்.

"எனக்குத் தெரியும்மா," என்றான். "ஆஸ்பத்திரியில பீர் எப்படி இருக்குன்னு அப்பா என்னயும் கேட்டாரு. இதுவரைக்கும் காய்ச்சினதுலயே இதான்பா நல்லதுன்னு சொன்னேன். சிரிச்சாரு. அதுதான் அவரு கேட்ட கடைசிப் பேச்சு. இப்ப நான் இழுத்து மூடினா என்ன அர்த்தம்?"

"பொய் சொன்னேன்னு அர்த்தம். பெத்தவருக்காகச் சொன்னது, அதோட விடு."

அவன் எழுந்தான். அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்த கறுப்புப் பாட்டிலை எடுத்து, வாயிலிருந்து இறக்காமல் பாதிவரை குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் ஒரு மாசம் ஊறினா நல்லா வரும்," என்றான்.

நான் விஜயனைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் என் மகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"ஆமா தம்பி, வரும்லா," என்றார்.