மச்சான் எடுத்த டெண்டர்

உலகச் சந்தையின் கதவுகளை அகலத் திறந்துவிட வரலாறு ஒரு கையைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கை அன்று காலை குளியலறைத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, மேல தூக்கி இழுங்க!" வெளியே நின்று மனைவி கத்தினாள்.

"தூக்கித்தான் இழுக்கறேன். அது அசைய மாட்டேங்குது."

அரசாங்கம் கொடுத்த வீடு. அதன் பராமரிப்பைத் தனியாருக்கு விட்டவர், உள்ளே மாட்டிக்கொண்டிருந்த அதே முன்னாள் வணிக மந்திரிதான். டெண்டர் எடுத்தவன் அவர் மனைவியின் தம்பி. போன் போட்டதும் வந்துவிட்டான், சொந்தக்காரன் இல்லையா? கதவை ரெண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"அத்தான், ஒப்பந்தப்படி கதவு எங்க பொறுப்பு. தாழ்ப்பாள் அதுல வராது. அதுக்குத் தனி ரேட்டு."

"டேய், உள்ள இருக்கறது உன் அத்தான்டா!"

"அக்கா, சந்தையில சொந்தபந்தம் பார்க்கக் கூடாதுன்னு அத்தானே மேடைக்கு மேடை சொல்லுவாரே."

உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் வேதனை பாதி, கொள்கைப் பெருமிதம் பாதி. "அவன் சொல்றது சரிதான். ரேட்டைக் கேளு."

ஊர் அவருக்கு வைத்த பெயர் 'தாராளம்'. தாராளமயம், தாராளமயம் என்று வாய் ஓயாமல் சொன்னதால் வந்த பெயர். மற்றபடி மனிதர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். படித்தது அரசாங்க உதவித்தொகையில். பார்த்தது அரசாங்க உத்தியோகம். ஏறியது இறங்கியது எல்லாம் அரசாங்க கார். கடைத்தெருவில் ஒரு தக்காளியைக்கூடப் பேரம் பேசி வாங்கியது கிடையாது. மனைவிக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு முறை கடைக்குப் போனவர், அழுகலும் நசுங்கலுமாக ஒரு பை நிறைய வாங்கிவந்து, "கடைக்காரர் ரொம்ப மரியாதையானவர்" என்றார்.

போட்டிதான் மனிதனை வளர்க்கும் என்பது அவருடைய வேதவாக்கு. ஆனால் அவருடைய மாமனார் கட்சியில் பெரிய கை. ஆகவே மருமகன் நின்ற தொகுதியில் எதிர்த்து நின்றவர்களின் மனுக்கள், கையெழுத்து கோணல், போட்டோ மங்கல் என்று வரிசையாகத் தள்ளுபடியாகும். மாமனார் கண்ணை மூடினார். முதல்முறையாகப் போட்டி வந்தது. மனிதர் வளரவில்லை, தோற்றார். ஜெயித்தவன் மந்திரியாகவும் ஆகிவிட்டான்.

பதவியில் இருந்தபோது தாராளம் பேருந்தை விற்றார், தண்ணீர்க் குழாயை விற்றார், தபால் பெட்டிகளை விளம்பரத்துக்கு விட்டார். விற்க ஒன்றும் மிச்சமில்லையே என்று ஏங்கியபோது, வெளிநாட்டுப் பேரவைகளில் தம் நாட்டுக்கு இருந்த நாற்காலிகள் கண்ணில் பட்டன. வருஷம் முழுக்க ஓர் அதிகாரி அங்கே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார், எப்போதாவது நாட்டின் சார்பில் ஓர் ஓட்டுப் போடுகிறார். அதற்குச் சம்பளம், பயணப்படி, போதாக்குறைக்குக் குளிர்கோட்டு வேறு. அந்த வேலையையும் டெண்டர் விட்டார். அதையும் மச்சானே எடுத்தான்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தாராளம் தாமே சொல்லி எழுதவைத்தார். இன்னாருக்குப் போடு என்று அரசாங்கம் உத்தரவு அனுப்பினால், டெண்டர் எடுத்த ஏஜென்சி அப்படியே ஓட்டுப் போட வேண்டும். உத்தரவு வராத ஓட்டை வீணாக்காமல், ஏஜென்சியே விலைபேசி லாபம் பார்த்துக்கொள்ளலாம். "சும்மா கிடக்கும் சொத்து நாட்டுக்குச் செய்யும் துரோகம்!" என்று முழங்கினார். சபையில் மேஜையைத் தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து தட்டினார்.

இப்போது அனைத்துலக வணிகப் பேரவைக்குத் தலைவர் தேர்தல். பதவியில் இருந்தபோதே பெயர் கொடுத்து வைத்ததால் தாராளமும் ஒரு வேட்பாளர். ஜெயித்தால் ஏரிக்கரையில் வீடு, தோட்டக்காரர், கதவைத் திறந்துவிட ஓர் ஆள். தோற்றால் கதை வேறு. அரசாங்க வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து போயாயிற்று. சொந்த வீடு வாங்குவது முட்டாள்தனம் என்று பத்திரிகையில் கட்டுரை எழுதியவருக்குச் சொந்த வீடு ஏது?

"ஜெயிச்சா ஏரிக்கரை, தோத்தா என் தம்பி வீட்டு மாடி" என்று மனைவி பெட்டி கட்டும்போதே சொல்லிவிட்டாள்.

மச்சான் வீட்டு மாடி என்றாலே அவருக்கு ஆகாது. கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடும் குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிடாவிட்டாலும் பசிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரவைக்கு மூவருமாகக் கிளம்பி விமான நிலையம் போகும் வழியில் மச்சான் காரை ஓட்டிக்கொண்டே கேட்டான். "அத்தான், நம்ம நாட்டு ஓட்டுக்கு இன்னும் உத்தரவு வரல. மந்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"எந்த மந்திரி? என்னைத் தோக்கடிச்சானே, அவனா? அவன் வாசல்ல போய்க் கைகட்டி நிக்கணுமா நான்?"

"ஒரு போன்தானே அத்தான்."

தாராளம் கோட்டை நீவிவிட்டுக்கொண்டார். "உத்தரவு போட்டு வாங்கற ஓட்டு ஒரு ஓட்டாடா? சரக்கு நல்லா இருந்தா தானா விலை போகும்."

"அப்போ உத்தரவு இல்லைன்னே வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கோ."

மச்சான் அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தி, யாருக்கோ ஒரு செய்தி தட்டினான்.

வட்டமான மண்டபம். எதிர் வேட்பாளர், தம் நாட்டு அரசாங்க ரயிலை நேரம் தவறாமல் ஓட்டிக்காட்டிய அம்மாள். தாராளம் அவரை 'ரயிலம்மா' என்றே சொல்வார், சொல்லும்போது உதட்டைக் கோணுவார். ரயிலம்மா துறைமுகத்தில் தேங்கிக் கிடக்கும் சரக்கைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். தாராளம் சுதந்திரம், போட்டி, மனித குலம் என்று பேசிக்கொண்டே போனதில் மொழிபெயர்ப்பாளர் நடுவில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பேரவையில் ரகசிய ஓட்டு கிடையாது. நாடு நாடாகக் கூப்பிடுவார்கள். தாராளத்துக்கு நீல அட்டை, ரயிலம்மாவுக்கு மஞ்சள். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று எண்ணிக்கை ஜோடி மாடு மாதிரி சேர்ந்தே நடந்தது. கடைசி நாட்டைக் கூப்பிடும்போது இரண்டு பக்கமும் சமம். கடைசி நாடு தாராளத்தின் நாடு.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு. அட்டை உயரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாலா பக்கமும் தலையசைத்தபடி மேடையை நோக்கி நடந்தார். பாதி வழியில்தான் திரும்பிப் பார்த்தார். மச்சான் கையில் மஞ்சள் அட்டை.

வந்தது வந்துவிட்டோம் என்று பக்கத்து மேஜையில் இருந்த ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் மச்சானை மடக்கினார். "அடப்பாவி! குடியக் கெடுத்துட்டியேடா!"

"உத்தரவு வரல அத்தான். ரெண்டு தரப்புக்கும் ரேட்டு அனுப்பினேன். அந்தம்மா ஆளுங்க உடனே சரின்னுட்டாங்க. உங்களுக்கும்தான் அனுப்பினேன். உறவுக்காரர் தள்ளுபடின்னு மேலயே போட்டிருந்தேனே, பார்க்கலையா?"

"அது ஏதோ துணிக்கடை விளம்பரம்னு அழிச்சுட்டேன்டா!"

"அதுக்கு நான் என்ன பண்றது, சொல்லுங்க."

தாராளம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இதையெல்லாம் விற்கலாமாடா, சிலது பொதுச் சொத்து இல்லையா, சொந்தம் என்று ஒன்று வேண்டாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. எதை எடுத்தாலும் ரயிலம்மா பேச்சு மாதிரியே இருந்தது. ஒரு காப்பிக் கோப்பையை எடுத்து நீட்டினார்.

"சர்க்கரை போடவா அத்தான்?" என்றான் மச்சான்.

வெளியே பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க நாடே உங்களுக்குப் போடலையே?"

"என் சீர்திருத்தம் எவ்வளவு நேர்மையா வேலை செய்யுதுன்னு உலகம் இன்னிக்குப் பார்த்திருக்கு" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டது பின்னால் போட்டோவில் விழுந்துவிட்டது.

இப்போது அவர்கள் மச்சான் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். காற்றோட்டமான அறை, வாடகையில் உறவுக்காரர் தள்ளுபடி உண்டு. குளியலறைக்குக் கதவும் உண்டு. தாழ்ப்பாள் கிடையாது, அதற்குத் தனி ரேட்டு. அதனால் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் முன்னாள் மந்திரி இருமிக்கொண்டே இருக்கிறார்.